கோடம்பாக்கத்தின் கதை – 7: ஈஸ்டர் ஞாயிறும் இலங்கை வானொலியும்

சென்னையின் முதல் ஸ்டூடியோக்களைச் சென்ற வாரம் பார்த்தோம். ஸ்ரீனிவாசா சினிடோன் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருந்தது. வேல் பிக்சர்ஸ் எல்டாம்ஸ் சாலை பங்களாவில் இருந்தது. மவுண்ட் ரோடில் தீப்பிடித்துப் போன ஸ்டூடியோவை வாங்கி எஸ்.எஸ். வாசன் 1941ல் ஜெமினியாக்கினார். இவற்றில் ஒன்றுகூடக் கோடம்பாக்கத்தில் இல்லை. பீச்–தாம்பரம் மின்சார ரயிலில் மாம்பலத்துக்கு அடுத்தாற்போல் ஒரு ஸ்டேஷன், அதைச் சுற்றித் தோப்பும் திறந்தவெளியும், அவ்வளவுதான் அன்றைய கோடம்பாக்கம்.

இந்த இடத்தில் நம் கதைக்குக் குறுக்கே ஓர் உலகப் போர் வருகிறது. படம் எடுப்பவர்களில் பலரை அது வெளியூர்களுக்கு விரட்டியது. அவர்கள் கோடம்பாக்கத்தில் வந்து குடியேறியபோது, அவர்கள் பாட்டைக் கடலுக்கு அந்தப் பக்கமிருந்து தமிழ்நாடு முழுக்கக் கேட்கச் செய்ய ஒரு ராட்சத டிரான்ஸ்மிட்டரையும் தயாராக விட்டுப்போனது. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது: 1942 ஏப்ரல் 5.

ஞாயிறுதோறும் ஒரு செய்தி

இரண்டாம் உலகப் போரின் பெரிய செய்திகளில் பல ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வந்து சேர்ந்தன. 1939 செப்டம்பர் 3 ஞாயிறு. லண்டனில் காலை 11.15 மணிக்கு சேம்பர்லின் ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்து ஜெர்மனியோடு போர் என்றார். நம் கடிகாரத்தில் அது பிற்பகல் 3.45. அன்றைக்கே வைஸ்ராய் லின்லித்கோ இந்தியாவும் போரில் இறங்கிவிட்டதாக அறிவித்தார். இங்கே ஒருவரையும் அவர் கலந்தாலோசிக்கவில்லை. அந்தக் கோபத்தில் காங்கிரஸ் மந்திரிசபைகள் அக்டோபர் கடைசியிலிருந்து வெளியேறின. சென்னையில் ராஜாஜி மந்திரிசபையும் போயிற்று.

ஹிட்லர் ரஷ்யாவுக்குள் புகுந்த 1941 ஜூன் 22 ஞாயிறு. பேர்ல் ஹார்பரில் குண்டு விழுந்த டிசம்பர் 7ம் ஞாயிறு. ஆனால் இவையெல்லாம் தூரத்து நெருப்பு. 1942 பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை, சிங்கப்பூர் விழுந்தது. அன்றிரவு சர்ச்சிலே வானொலியில் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. மூன்று வாரம் கழித்து, மார்ச் 8, மறுபடி ஞாயிறு, ரங்கூன் கைவிட்டுப் போனது. இந்த இரண்டும் தமிழனின் வீட்டுச் செய்திகள். தஞ்சாவூர், ராமநாதபுரம் ஜில்லாக்களில் மலாயாவில் ஆள் இல்லாத தெரு அபூர்வம். செட்டிநாட்டின் முதலோ பர்மாவின் வயல்களில் கிடந்தது. ரங்கூனில் குண்டு விழத் தொடங்கிய 1941 டிசம்பரிலிருந்தே கப்பல் கிடைத்தவர்கள் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். கிடைக்காதவர்கள் லட்சக்கணக்கில் மலைக்காடுகள் வழியே அஸ்ஸாமுக்கு நடந்தார்கள்.

பெட்டி இருந்த வீடுகள்

அந்தச் செய்திகளைக் கேட்க அன்றைய சென்னையில் என்ன இருந்தது?

வானொலிக்கு இந்த ஊர் புதிதல்ல. 1924லேயே சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்கையெடுத்து சென்னை மாகாண ரேடியோ கிளப்பை ஆரம்பித்தார். அந்த ஜூலை 31ஆம் தேதி ஒலிபரப்பும் தொடங்கியது. பணமுடையால் 1927ல் கிளப் மூடிவிட்டது. அதன் டிரான்ஸ்மிட்டரை வாங்கிக்கொண்ட மாநகராட்சி, 1930 ஏப்ரல் முதல் ரிப்பன் கட்டடத்திலிருந்து தானே ஒலிபரப்பியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் குழாய் ஒலிபெருக்கிகளைக் கட்டிவிட்டார்கள். காற்று வாங்கப் போனவர்கள் காசில்லாமல் பாட்டும் கேட்டுவிட்டு வந்தார்கள்.

1938 ஜூன் 16ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்தது. இடம், எழும்பூர் மார்ஷல்ஸ் சாலையில் 'ஈஸ்ட் நூக்' என்ற பங்களா. கவர்னர் எர்ஸ்கின் தொடங்கி வைத்தார், மாகாணப் பிரதமர் ராஜாஜி பேசினார், திருவெண்காடு சுப்பிரமணிய பிள்ளையின் நாகஸ்வரமும் டி.கே. பட்டம்மாளின் பாட்டும் ஒலித்தன. நகரத்துக்கான மத்திய அலை டிரான்ஸ்மிட்டரின் சக்தி கால் கிலோவாட், அதாவது 250 வாட். வெளியூர்களுக்காக 10 கிலோவாட் சிற்றலை. மறுவருஷம் மே மாதம் வந்த திருச்சி நிலையத்துக்கு 5 கிலோவாட் மத்திய அலை கொடுத்தார்கள். இந்தக் கால் கிலோவாட்டை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இலங்கையில் வரப்போகிற எண் இதைப்போல நானூறு மடங்கு.

போர் தொடங்கியபோது இந்தியா முழுவதிலும் லைசென்ஸ் எடுத்த ரேடியோக்கள் ஒரு லட்சத்தைத் தொடவில்லை. மயிலாப்பூர் வக்கீல் வீடுகள், தியாகராய நகரின் புது மாடிகள், கிளப்புகள், சில ஹோட்டல்கள் என்று பெட்டி இருந்த இடங்களை ஒரு தெருவாசி விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு பெட்டிக்குப் பத்துப் பதினைந்து காதுகள். கூடத்தில் வீட்டார், திண்ணையில் அக்கம்பக்கத்தார், வாசலில் தெருப்பிள்ளைகள்.

அந்தப் பெட்டியைத் திருப்புவதே ஒரு சடங்கு. மொட்டைமாடியில் இரண்டு மூங்கில்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய ஏரியல் கம்பி ஜன்னல் வழியாக இறங்கி வரும். குமிழைத் திருகினால் உடனே பேசிவிடாது. உள்ளே வால்வுகள் சிவந்து சூடேற வேண்டும். அதற்கு அரை நிமிஷம். பிறகு உறுமல், அதன் மேல் கரகரப்பு. கண்ணாடித் தகட்டில் லண்டன், பாரிஸ், பெர்லின், டோக்கியோ என்று ஊர்ப்பெயர்கள் அச்சாகியிருக்கும். முள் ஒரு மயிரிழை நகர்ந்தால் ஒரு கண்டம் போய் இன்னொரு கண்டம் வரும். பொழுது சாய்ந்தபின் சிற்றலை தெளியும். தூர தேசங்களுக்கு அதுதான் நேரம்.

அரசாங்கத்துக்கு வந்த தலைவலியும் அந்த மயிரிழைதான்.

டெல்லி சொன்ன தமிழ், பெர்லின் சொன்ன தமிழ்

போர் வந்ததும் எல்லா மொழிச் செய்திகளும் டெல்லிக்குப் போய்விட்டன. தமிழ்ச் செய்தியும் அங்கேதான் எழுதப்பட்டு, அங்கேதான் வாசிக்கப்பட்டு, இங்கே அஞ்சலானது. சென்னை மாகாணத்தில் ஒரு சம்பவம் என்றால், அது டெல்லிக்குப் போய், தணிக்கையைக் கடந்து, தமிழாகித் திரும்ப வேண்டும். எழும்பூர் நிலையத்தின் வேலை கச்சேரியும் நாடகமும் சொற்பொழிவும்.

எதிர்த்தரப்பு சும்மா இருக்கவில்லை. டோக்கியோவும் சைகோனும் இந்தியாவை நோக்கிப் பேசின. பெர்லினிலிருந்து சுபாஷ் சந்திர போஸின் ஆஸாத் ஹிந்த் ரேடியோ 1942 தொடக்கத்தில் கிளம்பியது. அதன் மொழிகளில் தமிழும் ஒன்றாயிற்று. அதற்கு முந்திய வருஷம், 1941 மே மாதத்தில், லண்டன் பி.பி.சி.யும் தமிழில் பேச ஆரம்பித்திருந்தது. எதிரி சொன்னதைக் கேட்டுப் பிறருக்குப் பரப்புவது இந்தியப் பாதுகாப்பு விதிகளின்படி குற்றம். அதனால் கேட்கிறபோது திண்ணைக்காரர்கள் கூடத்துக்குள் வந்தார்கள், ஜன்னல் சாத்தப்பட்டது, சத்தம் குறைந்தது. முள் மட்டும் நகர்ந்துகொண்டே இருந்தது.

நம் ஞாயிற்றுக்கு ஒரு வாரம் முன்னால் நடந்த விஷயம், ஏன் நகர்ந்தது என்பதைக் காட்டும். மார்ச் 28ல், விமான விபத்தில் போஸ் இறந்துவிட்டார் என்ற செய்தி உலகம் முழுக்கப் பரவியது. காந்திஜியே அவருடைய தாயாருக்கு அனுதாபத் தந்தி கொடுத்துவிட்டார். சில தினங்களில் செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட மனிதர் ஆஸாத் ஹிந்த் ரேடியோவில் தம் குரலிலேயே பேசினார். டோக்கியோ மகாநாட்டுக்குப் பறந்துகொண்டிருந்த வேறு இந்தியப் பிரதிநிதிகள்தான் அந்த மாதம் விமான விபத்தொன்றில் இறந்திருந்தார்கள். இதற்குப் பிறகு சர்க்கார் வானொலி ஒன்று சொன்னால், 'எதற்கும் இன்னொரு ஸ்டேஷனையும் கேட்டுவிடுவோம்' என்று தோன்றுவது இயல்புதானே?

ஏப்ரல் 5

அன்று ஈஸ்டர் பண்டிகை. கொழும்பு தேவாலயங்களில் காலைப் பூசைக்குக் கூட்டம் சேர்ந்திருந்த நேரம்.

முந்தின நாள் மாலை, இலங்கையின் தென்கோடி கொக்கலை ஏரியிலிருந்து கிளம்பிய கனடியர் லெனார்ட் பிர்ச்சாலின் கேட்டலினா விமானம், ஜப்பானியக் கடற்படை வருவதைப் பார்த்துவிட்டது. பார்த்ததைக் கம்பியில்லாத் தந்தியில் தட்டிக்கொண்டிருக்கும்போதே சுடப்பட்டுக் கடலில் விழுந்தது. பிர்ச்சாலும் உயிர் பிழைத்த சகாக்களும் சிறைப்பட்டார்கள். செய்தி மட்டும் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த ஞாயிற்றின் முதல் வானொலிச் செய்தி என்று அதைச் சொல்லலாம். துறைமுகத்திலிருந்த கப்பல்களில் முடிந்ததையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அட்மிரல் நகுமோவிடம் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள். காலை ஏழரை மணிக்குமேல் நூற்றிருபதுக்கும் அதிகமான விமானங்கள் கொழும்பின் மேல் வந்தன. தலைமை தாங்கியவர் பேர்ல் ஹார்பர் தாக்குதலை நடத்திய அதே புச்சிடா. ரத்மலானையிலிருந்தும் நகரத்துக் குதிரைப்பந்தய மைதானத்திலிருந்தும் ஹரிக்கேன் விமானங்கள் எழும்பின. துறைமுகத்தில் டெனெடோஸ், ஹெக்டர் என்ற இரு கப்பல்கள் மூழ்கின. பிற்பகலில் நடுக்கடலில் டார்செட்ஷைர், கார்ன்வால் என்ற இரு பெரிய குரூசர்களை ஜப்பானியர் முடித்தார்கள். 424 பேர் மாண்டார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மறுநாள் மாலைவரை தண்ணீரில் மிதந்து காப்பாற்றப்பட்டார்கள்.

கொழும்பில் குண்டு விழுந்ததை மறைக்க முடியாது. நகரமே பார்த்திருக்கிறது. மறைக்க முடிந்தது வேறு. குரூசர்கள் போனது சில நாள் கழித்தே வெளியே வந்தது. சுட்டு வீழ்த்திய எதிரி விமானங்களின் எண்ணிக்கையோ பல மடங்கு பெருத்துச் சொல்லப்பட்டது. ஜப்பானியர் உண்மையில் கொழும்பில் இழந்தது ஒற்றை இலக்கம்தான் என்பது போருக்குப் பிறகு தெரிந்தது.

மறுநாள் திங்கட்கிழமை, ஏப்ரல் 6. விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. இரண்டும் அன்று சென்னை மாகாணத்து ஊர்கள். அதே சமயத்தில் வங்காள விரிகுடாவில் இன்னொரு ஜப்பானியப் படை சரக்குக் கப்பல்களை வரிசையாக மூழ்கடித்துக்கொண்டிருந்தது. தெற்கே கொழும்பு, வடக்கே விசாகை. படத்தை விரித்துப் பார்த்தவர்களுக்கு நடுவில் இருப்பது எது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஊர் காலியானது

1941 கணக்கெடுப்பில் சென்னை நகரத்தின் ஜனத்தொகை ஏழே முக்கால் லட்சம். அவசிய வேலை இல்லாதவர்கள் வெளியேறுவது நல்லது என்று அந்த ஏப்ரலில் சர்க்கார் சொல்லிவிட்டது. அதற்கு முன்பே ஜனங்கள் கிளம்பியிருந்தார்கள். எழும்பூரிலும் சென்ட்ரலிலும் ரயிலில் தொற்ற இடமில்லை. மாட்டுவண்டிகள் ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டை நோக்கி வரிசையாய்ப் போயின. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் பூட்டிய வீடுகள். வாடகை சரிந்தது. சர்க்கார் ஆபீஸ்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தன. உயர்நீதிமன்றத்துக்குக் கோயம்புத்தூர் இடம் கொடுத்தது. ரிப்பன் கட்டடத்துக்குப் பின்னால் பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்த மிருகக்காட்சி சாலையின் சிங்கம், புலி முதலானவற்றை, குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று மலபார் போலீஸை வைத்துச் சுட்டுத் தள்ளினார்கள்.

படையெடுப்பு வரவில்லை. நகுமோவின் கப்பல்கள் ஏப்ரல் 9ல் திரிகோணமலையைத் தாக்கி, ஹெர்ம்ஸ் என்ற விமானந்தாங்கியை மூழ்கடித்துவிட்டுக் கிழக்கே திரும்பிவிட்டன. இந்தியாவில் இறங்கும் திட்டம் அந்தப் படைக்கு இருக்கவில்லை. 1943 அக்டோபரில் ஒற்றை விமானம் வந்து துறைமுகப் பக்கம் குண்டு போட்டுவிட்டுப் போனதோடு சென்னைக்கு ஜப்பானியப் போர் முடிந்தது.

வராத படைக்கு ஊர் ஏன் இப்படி ஓடியது? பயந்தாங்கொள்ளிகள் என்று அன்றைய ஆங்கிலேய அதிகாரிகள் எளிதாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் சிங்கப்பூர் அசைக்க முடியாத கோட்டை என்று கேட்டுக்கொண்டிருந்த காதுகள்தான் அது விழுந்ததையும் கேட்டன. ரங்கூனிலிருந்து வந்து இறங்கியவர்கள், வெள்ளைக்காரர்களுக்கு முதலில் வழிகிடைத்த கதையைச் சொன்னார்கள். பெட்டி ஒன்று சொன்னது, துறைமுகத்தில் இறங்கிய மனிதன் வேறு சொன்னான். ஜனங்கள் மனிதனை நம்பினார்கள். பெட்டியிலும், பாதி சொல்கிற எழும்பூரைவிட மிகையாகச் சொல்கிற சைகோனுக்குக் காது கொடுத்தார்கள். அந்த ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' வந்து பத்திரிகைகளின் வாய் கட்டப்பட்டபோது, பம்பாயில் உஷா மேத்தாவும் நண்பர்களும் இரகசியக் காங்கிரஸ் ரேடியோவையே நடத்தினார்கள். சுமார் மூன்று மாதம் அது போலீஸுக்குத் தண்ணி காட்டியது.

பிலிமும் மின்சாரமும்

சினிமாக்காரர்கள் பட்டபாடு தனி. கச்சா பிலிம் கப்பலில்தான் வர வேண்டும். கப்பல்களோ போருக்குப் போய்விட்டன. படம் 11,000 அடிக்கு மேல் நீளக் கூடாது என்று உத்தரவு வந்தது. அதுவரை 18,000, 20,000 அடி என்று ஓடிய தமிழ்ப் படங்களில் பாட்டுகள் பாதியாயின. 1943ல் பிலிமுக்கு லைசென்ஸ் முறையும் வந்தது. போர் முயற்சிக்கு ஆதரவாகப் படம் எடுக்க வேண்டிய நிர்ப்பந்தமும் கூடவே வந்தது. கே. சுப்ரமணியத்தின் 'மானசம்ரக்ஷணம்', மாடர்ன் தியேட்டர்ஸின் 'பர்மா ராணி', ஜெமினியின் 'கண்ணம்மா என் காதலி' எல்லாம் அந்த வகையில் 1945ல் வந்தவை.

சென்னை தளர்ந்தபோது கோயம்புத்தூரும் சேலமும் நிமிர்ந்தன. 1944ல் வந்து பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட 'ஹரிதாஸ்' கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் எடுத்த படம். ஏ.வி. மெய்யப்பன் 1945 அக்டோபரில் ஏ.வி.எம். கம்பெனியைப் பதிவு செய்தபோது, போர்க்காலக் கட்டுப்பாடு இன்னும் தீராததால் புது ஸ்டூடியோவுக்குச் சென்னையில் மின்சாரம் கிடைக்கவில்லை. அவர் சொந்தச் சீமைக்கே போய்க் காரைக்குடியில் கொட்டகை போட்டார்.

போர் விட்டுப்போன கருவி

ஈஸ்டர் ஞாயிற்றுக்குப் பிறகு இலங்கை பிரிட்டிஷாருக்கு உயிர்நிலையாகிவிட்டது. 1944ல் மவுண்ட்பேட்டன் தமது தென்கிழக்காசியத் தலைமையகத்தைப் பேராதனைக்குக் கொண்டுவந்தார். பர்மா, மலாயாப் படைவீரர்களுக்காகக் கொழும்பில் 'ரேடியோ சியாக்' என்ற நிலையம் எழுந்தது. அதற்காகக் கொழும்புக்கு வடக்கே ஏக்கலவில் நிறுவிய சிற்றலை டிரான்ஸ்மிட்டரின் சக்தி 100 கிலோவாட். அது முழுமூச்சாக ஒலிக்கத் தொடங்கும் முன்பே ஜப்பான் சரணடைந்துவிட்டது. சிப்பாய்கள் வீடு திரும்பினார்கள். கருவி சுதந்திர இலங்கையின் கைக்கு வந்து ரேடியோ சிலோனாயிற்று. 1950 செப்டம்பர் 30ல் அதன் வர்த்தக சேவை ஆரம்பமானது.

இந்தியாவில் என்ன நடந்தது? 1952ல் தகவல் ஒலிபரப்பு மந்திரியான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று முடிவுகட்டினார். தயாரிப்பாளர்களுக்கும் அகில இந்திய வானொலிக்கும் தகராறு முற்றி, திரைப்பாட்டு நம் நிலையங்களிலிருந்து ஏறக்குறைய மறைந்தது. அதற்குள் கோடம்பாக்கம் கோடம்பாக்கமாகிவிட்டிருந்தது. காரைக்குடியிலிருந்து ஏ.வி.எம். வந்தாயிற்று. வாஹினி வந்தாயிற்று. இங்கே பதிவான பாட்டு எழும்பூரில் ஒலிக்காது. கொழும்பில் ஒலிக்கும்.

தமிழ்நாட்டுக் கேட்பவர்கள் ஒரு நிமிஷமும் திகைக்கவில்லை. உள்ளூர் தர மறுத்ததை எங்கே போய்த் தேடுவது என்று போர்க்காலத்தில் பழகிய விரல்கள் அவை. அதே பெட்டி, அதே சிற்றலை, முள்ளை ஒரு மயிரிழை தள்ளினால் போதும். சைகோன் இருந்த இடத்தில் இப்போது கொழும்பு. சாத்திய ஜன்னல்களும் திறந்துவிட்டன, ஏனென்றால் பாட்டு கேட்பதற்குத் தண்டனை கிடையாது. அறிவிப்பாளர் எஸ்.பி. மயில்வாகனத்தின் குரல் மதுரை டீக்கடைக்கும் திருநெல்வேலித் திண்ணைக்கும் சொந்தக்காரர் குரலாயிற்று. நானூறு மடங்கு என்று முன்னே சொன்ன கணக்கு இங்கேதான் பலித்தது.

கேஸ்கர் காலத்திலேயே, 1957 அக்டோபரில், சர்க்கார் இறங்கி வந்து விவித் பாரதியைத் தொடங்கியது. ஜனங்களைச் சொந்த நிலையத்துக்குத் திருப்ப அதற்கு வெகுநாள் பிடித்தது. 1942ல் செய்தியை அளந்து கொடுத்து ஒரு தலைமுறையை வெளியூர் அலைவரிசைக்கு அனுப்பிய நிலையம், பத்து வருஷம் கழித்துப் பாட்டை அளந்து கொடுத்து அடுத்த தலைமுறையையும் அனுப்பியது. முதல் தடவை ஆண்டவர்கள் அந்நியர்கள். இரண்டாம் தடவை நம்மவர்கள். கேட்கிறவர்களுக்கு எது நல்லது என்று தங்களுக்குத்தான் தெரியும் என்ற எண்ணத்தில் இருவருக்கும் பேதமில்லை. லாபம் கோடம்பாக்கத்துக்கு: தியேட்டரே இல்லாத கிராமத்திலும் அதன் பாட்டு முன்னதாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

காரைக்குடிக் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு மெய்யப்பன் ஏன் சென்னைக்குத் திரும்பினார், அத்தனை இடங்கள் இருக்கக் கோடம்பாக்கத்தை ஏன் தேர்ந்தார், அங்கே அவருக்கு முன்பே கடை விரித்திருந்தவர்கள் யார்? அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)